கண்ணாடித் தொட்டியின் ஒளிக்கேற்ற நீர்ப்பூண்டுகளைத் தெரிந்தெடுத்தல்

நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் பலர், போகங்களுக்கிடையே கிடைக்கும் ஓய்வு நேரத்திலும் வீட்டு வளவின் நிழலான மூலைகளிலும் செய்யத்தக்க சிறு உபதொழில்களை நாடுகின்றனர். அழகு மீன் தொட்டிகளுக்குரிய நீர்ப்பூண்டுகளை வளர்த்து விற்றல் அத்தகைய தொழில்களுள் ஒன்றாகும். இதற்கு அகன்ற நிலம் வேண்டியதில்லை. சில சீமெந்துத் தொட்டிகளும், நிழல் வலையும், நல்ல நீரும், நாள்தோறும் சிறிது கவனமும் போதும். வேறெங்கும் இயற்கையாக விளையாத நீர்ப்பூண்டுகள் சில இலங்கையின் ஓடைகளில் விளைகின்றன. அவற்றை உலகின் பல நாடுகளில் மீன் வளர்ப்போர் விரும்பி வாங்குகின்றனர்.

எனினும், இத்தொழிலிற் புகுவோர் பலர் முதலாண்டிலேயே நட்டமடைகின்றனர். ஒளியைப் பற்றிய அறியாமையே இந்நட்டத்துக்கு முதன்மையான காரணமாகும். அடர்ந்த காட்டின் நிழலிற் பிறந்த பூண்டைக் கடும் வெயிலில் வைத்தலும், வெயிலிற் பிறந்த பூண்டை வீட்டின் இருண்ட மூலையில் வைத்தலும் ஒரே முடிவையே தருகின்றன. பூண்டு அழிகின்றது, அதற்கிட்ட பணமும் உழைப்பும் அழிகின்றன. வாங்கியவர் வீட்டில் ஒரு மாதத்துள் அழுகிப்போகும் பூண்டை விற்றவரிடம் அவர் மீண்டும் வருவதில்லை. ஆகலின், தொட்டியின் ஒளியை முதலில் அறிந்து, அதற்கேற்ற பூண்டைப் பின்னர்த் தெரிந்தெடுத்தல் இத்தொழிலின் முதற் பாடமாகும்.

பூண்டுக்கு ஒளி வேண்டுவதேன்?

நெற்பயிர் எவ்வாறு சூரிய ஒளியைக் கொண்டு தனக்கு வேண்டிய மாவுப்பொருளை ஆக்கிக்கொள்கின்றதோ, அவ்வாறே நீரினுள் வளரும் பூண்டும் ஆக்கிக்கொள்கின்றது. ஒளி, நீர், காபனீரொட்சைட்டு ஆகிய மூன்றும் இதற்கு இன்றியமையாதவை. பூண்டு பகலில் உணவை ஆக்குகின்றது. இரவும் பகலும் மூச்சுவிட்டு அவ்வுணவிற் சிறிதைச் செலவிடுகின்றது. ஆக்கும் உணவு செலவிடும் உணவிலும் மிகுந்தால் பூண்டு வளரும். இரண்டும் ஒத்தால் வளராது நிற்கும். ஆக்குவது குறைந்தால், கிழங்கிலும் தண்டிலும் சேர்த்துவைத்ததை உண்டு, அதுவும் தீர்ந்தபின் மடியும். ஒளி குறைந்த தொட்டியிலிட்ட பூண்டு ஓரிரு வாரம் நலமாயிருப்பதுபோலத் தோன்றிப் பின்னர் திடீரென அழிவதற்குக் காரணம் இதுவேயாகும்.

கதிர் முற்றும் காலத்தில் முகில் மூடிய நாட்கள் நீடித்தால் நெல்லிற் பதர் மிகுவதைக் கமக்காரர் அறிவர். நீருள் வாழும் பூண்டின் நிலை இன்னும் கடினமானது. நீரின் மேற்பரப்பில் விழும் ஒளியில் ஒரு பகுதி தெறித்துப்போகின்றது; மற்றொரு பகுதியை நீரும் அதிற் கலந்துள்ள மண்ணும் சாயமும் உறிஞ்சிக்கொள்கின்றன. கலங்கிய நீரிலும், இலைச்சாயம் ஊறிப் பழுப்பான நீரிலும் அடித்தளத்தைச் சேரும் ஒளி மிகக் குறைவு. அன்றியும், விளக்கினின்று தூரம் கூடக்கூட ஒளி பரந்து வலுவிழக்கின்றது. ஆகவே, ஆழமான தொட்டியில் நீர்மட்டத்துக்கு அருகே உள்ள இலையும் அடியில் உள்ள இலையும் பெறும் ஒளி ஒன்றன்று.

பிறந்த இடமே வழிகாட்டி

எப்பூண்டுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை அறிய எளிய வழி, அது இயற்கையாக வளரும் இடத்தை நோக்குதலாகும்.

ஈரவலயத்தின் காடுகளிடையே ஓடும் சிற்றோடைகளில், மரக்கிளைகள் மூடிய நிழலில், மணலிலும் சேற்றிலும் வேரூன்றி வளர்வன கிறிப்டோகொரைன் என்னும் பூண்டினம். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இது, நாள் முழுவதும் சிதறிய ஒளியையே பெற்று வாழப் பழகியது. மெதுவாக வளர்வதால் இதற்கு உணவுத் தேவையும் குறைவு. இத்தகைய பூண்டுக்கு வீட்டினுள் வைத்த தொட்டியின் மெல்லொளி ஏற்றதாகும்.

குளங்களிலும், மெதுவாக நீரோடும் வாய்க்கால்களிலும் கொட்டியும் அதன் இனத்தவையும் வளர்கின்றன. இவை ஓரளவு திறந்த வெளியில் வளர்பவை. ஆனால், நீரின் ஆழத்தால் இவற்றுக்கு ஒளி குறைந்தே கிடைக்கின்றது. ஆதலின் இவற்றுக்கு நடுத்தர ஒளி வேண்டும்.

நீர் தேங்கிய நெல்வயலில் களையாக முளைக்கும் ரொட்டாலா, லிம்னோபிலா, பிளிக்சா முதலியவற்றின் தேவை வேறு. இவை மேலே மரமின்றி, சில அங்குல நீரில், முழு வெயிலில் வாழ்பவை. கமக்காரர் களையெனப் பிடுங்கி வரப்பில் எறியும் இவற்றின் இனத்தவை, வெளிநாட்டுத் தொட்டிகளில் விலைகொடுத்து வாங்கி வளர்க்கப்படுகின்றன. வயலிற் கேட்பாரற்று வளர்கின்றதே, தொட்டியிலும் எளிதில் வளரும் எனக் கருதுதல் தவறு. வயலில் அதற்குக் கிடைக்கும் வெயிலைத் தொட்டியிற் கொடுத்தல் எளிதன்று.

தொட்டியின் ஒளியை அறிதல்

கண் ஒளியை அளக்கும் நல்ல கருவியன்று. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பக் கண்மணி விரிந்து சுருங்குவதால், பெரிய வேறுபாடும் சிறிதாகவே தோன்றும். நண்பகல் வெயிலின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்சு ஆகும். வீட்டினுள் நன்கு வெளிச்சமான அறையில் அது சில நூறு லக்சுகளாகவே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் பகலே. பூண்டுக்கு ஒன்று விருந்து, மற்றொன்று பட்டினி.

கருவியின்றியும் ஒளியை ஓரளவு மதிப்பிடலாம். பூண்டு வைக்கக் கருதும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் உயரத்திற் கையைப் பிடித்தல் வேண்டும். விரல்களின் நிழல் விளிம்பு தெளிந்து கறுப்பாக விழுந்தால் அது கடும் ஒளி. நிழல் தெரிந்தும் விளிம்பு மங்கியிருந்தால் நடுத்தர ஒளி. கையின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் மென்னிழல். நிழலே தெரியாவிட்டால் அவ்விடத்தில் விளக்கின்றி எப்பூண்டும் வாழாது. இச்சோதனையைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் செய்தல் நன்று.

வெயில் நேரே விழும் சாளரத்தருகே கண்ணாடித் தொட்டியை வைத்தல் ஆகாது. சிறிய தொட்டியின் நீர் விரைவிற் சூடேறும், நீர் பச்சையாகும், மீனும் வருந்தும். இலங்கையில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாகவே உள்ளதாயினும், சூரியன் வடக்கும் தெற்குமாகச் சாய்வதால், ஒரு பருவத்தில் நிழலாயிருந்த சாளரம் மறு பருவத்தில் வெயிலாகலாம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விளக்கைத் தெரிதல்

வீட்டினுள் வைக்கும் தொட்டிக்கு மின்விளக்கே நம்பத்தக்கது. முன்னர்ப் பயன்பட்ட குழாய்விளக்குகளின் இடத்தை இன்று எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் பெற்றுள்ளன. விளக்கை வாங்கும்போது அதன் வாற்று அளவை மட்டும் நோக்குதல் போதாது. வாற்று என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு லூமென் எனப்படும். இது விளக்கின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும்.

தொட்டியின் நீரில் ஒவ்வொரு லீற்றருக்கும் எத்தனை லூமென் கிடைக்கின்றது என்று கணக்கிடுதல் எளிய முறையாகும்.

1. லீற்றருக்கு 10 முதல் 20 லூமென் வரை: மென்னொளி. நிழற்பூண்டுகளுக்குப் போதும்.
2. லீற்றருக்கு 20 முதல் 40 லூமென் வரை: நடுத்தர ஒளி.
3. லீற்றருக்கு 40 லூமெனுக்கு மேல்: கடும் ஒளி. வெயிற்பூண்டுகளுக்குரியது.

உதாரணமாக, 60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், 30 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். அடியில் 5 சென்ரிமீற்றர் மணலும், மேலே 3 சென்ரிமீற்றர் வெற்றிடமும் போக, நீரின் உயரம் 22 சென்ரிமீற்றராகும். ஆகவே, நீரின் அளவு ஏறக்குறைய 40 லீற்றர். இதற்கு 800 லூமென் தரும் ஒரு விளக்கை இட்டால் லீற்றருக்கு 20 லூமென் கிடைக்கும். இது நிழற்பூண்டுகளுக்கு நிறைவானது. அத்தகைய விளக்குகள் இரண்டாயின் லீற்றருக்கு 40 லூமென். நடுத்தரப் பூண்டுகள் செழிக்கும். வெயிற்பூண்டுகளை வளர்க்க விரும்பின் மூன்று விளக்குகள் வேண்டும்.

இக்கணக்கு ஆழங்குறைந்த சிறு தொட்டிகளுக்கே பொருந்தும். விளக்கின் மேல் வெள்ளைப் பூச்சுள்ள மூடியோ தகடோ இல்லாவிடின் ஒளியிற் பெரும்பகுதி வீணாகும். கண்ணாடி மூடியிற் படியும் உப்பும் தூசியும் ஒளியைத் தடுப்பதால், அதனை வாரந்தோறும் துடைத்தல் வேண்டும். ஒளியின் நிறம் பகலொளியை ஒத்து, 6,500 கெல்வின் எனக் குறிக்கப்பட்டதாயிருத்தல் நன்று. விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தாற் போதும். புதிதாக நட்ட தொட்டியில் 6 மணி நேரத்துடன் தொடங்கிச் சில வாரங்களிற் கூட்டலாம். நாள்தோறும் ஒரே வேளையில் ஏற்றி ஒரே வேளையில் அணைத்தல் இன்றியமையாதது. குறைந்த ஒளியை நீண்ட நேரம் எரித்து ஈடுசெய்ய முயல்வோர் பூண்டை வளர்ப்பதில்லை, பாசியையே வளர்க்கின்றனர்.

மென்னொளிக்கு ஏற்ற பூண்டுகள்

தொடக்கத்தில் இத்தொழிலை மேற்கொள்ளும் கமக்காரர் இவ்வகையையே தெரிந்தெடுத்தல் நன்று.

கிறிப்டோகொரைன் வென்டியை என்பது இவற்றுட் சிறந்தது. இலங்கைக்கே உரிய இவ்வினத்தை 1958 ஆம் ஆண்டில் டி விற் என்னும் ஒல்லாந்தத் தாவர நூலறிஞர் வகுத்துப் பெயரிட்டார். இது 10 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். பச்சை, பழுப்பு, செம்பழுப்பு எனப் பல நிற வகைகள் உண்டு. ஒளி குறைந்த இடத்தில் இலைகள் நீண்டு நிமிர்ந்தும், ஒளி மிகுந்த இடத்தில் குறுகித் தரையோடு படர்ந்தும் வளரும். ஆதலின், ஒரே தாய்ப்பூண்டின் கன்றுகள் இருவேறு தொட்டிகளில் இருவேறு இனம்போலத் தோன்றலாம். சுண்ணாம்பு மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரையும் இது தாங்கும்.

கிறிப்டோகொரைன் பெக்கெற்றியை, கிறிப்டோகொரைன் வோக்கெரி, கிறிப்டோகொரைன் அன்டுலாற்றா என்பனவும் இலங்கைக்குரியவை. வளர்ப்பு முறையில் முன்னதை ஒத்தவை. இவையெல்லாம் அடியிலிருந்து ஓடுதண்டு விட்டுக் கன்றீனும். நான்கைந்து இலை விட்ட கன்றைத் தாயினின்று பிரித்து நடலாம்.

ஆபிரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய அனூபியாசும், யாவாப் பன்னம் எனப்படும் நீர்ப்பன்னமும் மென்னொளியில் வாழ்வன. இவற்றின் கிழங்குத் தண்டை மணலிற் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலாற் கட்டி வைத்தல் வேண்டும். இவற்றைக் கடும் ஒளியில் வைத்தால், இலைகள் மெதுவாக வளர்வதால், புதிய இலை தோன்றுமுன் பழைய இலையைப் பாசி மூடிவிடும்.

நடுத்தர ஒளிக்கு ஏற்ற பூண்டுகள்

கொட்டியின் இனத்தைச் சேர்ந்த அப்பனோகெற்றன் கிறிஸ்பசு என்பது இலங்கைக் குளங்களிலும் ஓடைகளிலும் காணப்படுவது. சிங்களத்திற் கெக்கட்டிய என வழங்கும் இதன் பூந்தண்டு கறியாகவும் சமைக்கப்படுகின்றது. அலையலையான விளிம்புள்ள இதன் நீண்ட இலைகள் தொட்டியின் பின்புறத்துக்கு அழகு தரும். குளம் வற்றும் காலத்தில் இலையுதிர்த்துக் கிழங்காக ஓய்ந்திருத்தல் இதன் இயல்பு. தொட்டியிலும் சிலவேளை இவ்வாறு ஓயும். அப்போது ஒளி போதவில்லை என எண்ணி விளக்கைக் கூட்டுதலும், செத்ததென்று எண்ணிக் கிழங்கை எறிதலும் ஆகா.

நாடாப்போன்ற இலையுடைய வலிஸ்னேரியாவும், மருந்துப் பூண்டாகப் பலரும் அறிந்த நீர்ப்பிரமியும் நடுத்தர ஒளியில் வளர்வன. நீர்ப்பிரமிக்கு ஒளி கூடினால் கணுக்கள் நெருங்கிச் செழிக்கும்.

கிறிப்டோகொரைன் பார்வா என்னும் இலங்கைப் பூண்டு தன் இனத்துள் மிகச் சிறியது. தொட்டியின் முன்புறத்திற் புற்றரைபோல நடுவதற்குரியது. தன் இனத்தவை நிழலை விரும்புவதைக் கண்டு இதனையும் நிழலில் நடுவோர் ஏமாற்றமடைவர். இதன் இலைகள் மிகச் சிறியனவாதலின், மற்றவற்றிலும் மிகுந்த ஒளி இதற்கு வேண்டும். நெடிய பூண்டுகளின் நிழல் இதன்மேல் விழலாகாது.

கடும் ஒளிக்கு உரிய பூண்டுகள்

ரொட்டாலா, லிம்னோபிலா, பிளிக்சா முதலிய வயற்பூண்டுகளும், சிவந்த இலையுடைய பூண்டுகளிற் பலவும் இவ்வகையின. போதிய ஒளியில் ரொட்டாலாவின் நுனி சிவக்கும். ஒளி குறைந்தால் பச்சையாகும், கணுவிடை நீளும், அடியிலைகள் உதிரும். இவை விரைந்து வளர்வதால் காபனீரொட்சைட்டும் ஊட்டமும் மிகுதியாக வேண்டும். விளக்கை மட்டும் கூட்டி மற்ற இரண்டையும் கூட்டாதிருத்தல், நைதரசன் பசளையின்றி நெல்லுக்கு நீரை மட்டும் பாய்ச்சுதலை ஒக்கும்.

இவற்றை வீட்டினுள் வளர்த்தல் செலவு மிகுந்தது. எனினும், வெளியில் ஆழங்குறைந்த சீமெந்துத் தொட்டியில், சூரிய ஒளியிலே, செலவின்றி வளர்க்கலாம். விற்பனைக்கு வளர்க்கும் கமக்காரருக்கு இதுவே ஏற்றது.

தொட்டியினுள் இடமறிந்து நடுதல்

ஒரே தொட்டியினுள்ளும் ஒளி எங்கும் ஒன்றாக இராது. விளக்கின் நேர் கீழே நடுவில் ஒளி மிகும், மூலைகளிற் குறையும். கல்லுக்கும் மரத்துண்டுக்கும் பின்னால் நிழல் விழும். நீர்மட்டத்தை எட்டிப் பரவும் இலைகள் கீழுள்ளவற்றை மூடும். தென்னந்தோட்டத்தில் ஊடுபயிர் நடும் கமக்காரர் எந்நிழலில் எது விளையும் என ஆராய்வதுபோல, இங்கும் ஆராய்தல் வேண்டும். ஒளி மிக வேண்டுவனவற்றை நடுவிலும், நிழல் தாங்குவனவற்றை ஓரத்திலும், நெடியனவற்றைப் பின்புறத்திலும், குட்டையானவற்றை முன்புறத்திலும் நடுதல் முறையாகும். நெடிய பூண்டுகளை இரு வாரத்துக்கொருமுறை கத்தரித்தால் கீழுள்ளவை ஒளி பெறும்.

நாற்றுமேடையும் நிழல் வலையும்

கிறிப்டோகொரைன் முதலிய பூண்டுகளை விற்பனைக்கு வளர்ப்போர் அவற்றை நீருக்குள் அன்றி, ஈரம் மிகுந்த காற்றில் வளர்ப்பதே வழக்கம். தும்புத்தூளும் மணலும் கலந்த கலவையைச் சிறு சாடிகளில் இட்டு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நீர் நிற்கும் தட்டங்களில் அவற்றை வைத்து, மேலே நிழல் வலை கட்டல் வேண்டும். நிழற்பூண்டுகளுக்கு ஏறக்குறைய 70 சதவீத நிழல் தரும் வலையும், நடுத்தரப் பூண்டுகளுக்கு 50 சதவீத நிழல் தரும் வலையும் பொருத்தமானவை. உலர்வலயத்தின் கச்சான் காற்றுக் காலத்தில், ஈரம் குன்றாதிருக்கப் பக்கங்களையும் பொலித்தீன் தாளால் மறைத்தல் நன்று.

காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் வாழாது. தொட்டியில் நட்ட சில நாட்களில் அவ்விலைகள் கரைந்து அழுகும். ஒளி, நீர், வெப்பம் ஆகியவற்றில் எது சடுதியாக மாறினும் கிறிப்டோகொரைன் இவ்வாறு இலை கரைதல் உண்டு. இது நோயன்று. கரைந்த இலைகளை நீக்கி, வேரை அசைக்காது, விளக்கின் நேரத்தை மாற்றாது விட்டுவிட்டால், மூன்று நான்கு வாரங்களில் நீருக்கேற்ற புதிய இலைகள் தோன்றும். பூண்டு செத்ததென்று பிடுங்கி எறிவோரும், பசளையையும் ஒளியையும் கூட்டிக் கெடுப்போரும் பலர். பூண்டை விற்கும் கமக்காரர் இதனை வாங்குவோருக்கு முன்கூட்டியே கூறுதல் கடமையாகும். அவ்வாறு கூறினால் பின்னர் வரும் பூசல்கள் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

மீன் இல்லாத தட்டங்களிலும் தொட்டிகளிலும் நுளம்பு பெருகும். ஆதலின், ஆழமான தொட்டிகளிற் கப்பி மீன் சிலவற்றை விடுதலும், ஆழமற்ற தட்டங்களின் நீரை வாரத்துக்கொருமுறை முற்றாக வடித்துத் தட்டத்தைத் தேய்த்துக் கழுவுதலும் கட்டாயமாகச் செய்யவேண்டியவை. டெங்குக் காய்ச்சல் பரவும் ஊரிற் குடும்பத்தின் நலமே இதில் அடங்கியுள்ளது.

பாசி

பாசியும் ஒரு பயிரே. ஆனால் வேண்டாத பயிர். பூண்டு பயன்படுத்தாது விட்ட ஒளியையும் ஊட்டத்தையும் பாசி பயன்படுத்திக்கொள்கின்றது. ஆகவே, பாசி மிகுந்தால் ஒளியைக் குறைத்தல் வேண்டும், அல்லது விரைந்து வளரும் பூண்டுகளைக் கூட்டி நடல் வேண்டும். மரக்கறித் தோட்டங்களுக்கு இடப்படும் பசளை நிலத்தடி நீரிற் சேர்வதால், தோட்டக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் கூடும். அத்தகைய நீரை நிரப்பிய தொட்டிக்கு மேலும் பசளை இடல் ஆகாது. குழாய் நீராயின், அதிலுள்ள குளோரீன் நீங்குமாறு அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்துப் பின்னர்ப் பயன்படுத்தல் வேண்டும்.

பூண்டு காட்டும் அறிகுறிகள்

1. கணுவிடை நீளுதல், அடியிலை உதிர்தல், சிவந்த இலை பச்சையாதல்: ஒளி போதாது.
2. பழைய இலைகளின் மேற் பாசி படர்தல், நீர் பச்சையாதல்: ஒளி மிகுதி, அல்லது விளக்கு எரியும் நேரம் மிகுதி.
3. நண்பகலின் பின் இலைகளிற் சிறு குமிழிகள் எழுதல்: பூண்டு நன்கு உணவாக்குகின்றது.
4. நட்ட சில நாட்களில் இலை கரைதல்: இடமாற்றத்தின் விளைவு. பொறுத்திருத்தல் வேண்டும்.
5. இளம் இலையின் நரம்புகள் பச்சையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளாதல்: இரும்புச்சத்துக் குறைவு. விளக்கை மாற்றுவதால் இது தீராது.

எந்த மாற்றத்தைச் செய்தாலும், ஒருமுறை ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுத்துப் பயனை நோக்குதல் வேண்டும். ஒளியையும் பசளையையும் ஒரே நாளில் மாற்றியவர் எதனாற் பயன் விளைந்தது என்பதை அறியார்.

கடற்பவளத்தை வளர்க்கலாமா?

வெளிநாடுகளிற் கடல்நீர்த் தொட்டியிற் பவளம் வளர்க்கப்படுவதைக் கேள்வியுற்றுக் கமக்காரர் சிலர் அதனைப் பற்றி வினவுவதுண்டு. பவளம் பூண்டன்று; சிறு உயிர்களின் கூட்டம். எனினும், அதன் உடலினுள் வாழும் நுண்ணிய பாசிகள் ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவையே பெரும்பாலான கற்பவளங்கள் உண்டு வாழ்கின்றன. ஆதலின் அவற்றுக்கும் பிறந்த ஆழத்துக்கேற்ற ஒளி வேண்டும். கடல்நீர் சிறிது சூடேறினும் அப்பாசிகளை இழந்து அவை வெளிறும். 1998 ஆம் ஆண்டில் இவ்வாறு வெளிறி இக்கடுவைப் பவளப்பாரின் பெரும்பகுதி அழிந்தது. இலங்கைக் கடலினின்று கற்பவளத்தைப் பிடுங்குதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. உள்நாட்டுக் கமக்காரருக்கு ஏற்ற தொழில் நன்னீர்ப் பூண்டு வளர்த்தலேயாகும்.

ஓடைக்கும் வயலுக்கும் காவல்

இத்தொழிலில் இரண்டு தீங்குகளைக் கமக்காரர் விலக்குதல் வேண்டும்.

முதலாவது, காட்டோடைகளிலிருந்து பூண்டுகளைப் பிடுங்கி விற்றல். கிறிப்டோகொரைன் இனங்களுட் சில மிகக் குறுகிய இடங்களில் மட்டுமே வாழ்கின்றன. ஓர் ஓடையை வெறுமையாக்கினால் ஓரினமே உலகினின்று மறைதல் கூடும். பாதுகாக்கப்பட்ட காடுகளினின்றும் பூண்டெடுத்தல் குற்றமுமாகும். அன்றியும், காட்டிலிருந்து எடுத்த பூண்டு நத்தையையும் நோயையும் உடன்கொண்டு வரும். நாற்றுமேடையிற் கன்றீன்றதோ, இழைய வளர்ப்பு முறையிற் பெற்றதோ ஆகிய பூண்டே சீரானது. நல்ல விலையும் பெறுவது. ஏற்றுமதி செய்ய விரும்புவோர், பூண்டுகள் நோயும் பீடையும் அற்றவை என்னும் சான்றிதழை விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிடம் பெறல் வேண்டும்.

இரண்டாவது, தொட்டிப் பூண்டை வெளிநீரில் எறிதல். இதன் விளைவை இந்நாட்டு நெற்செய்கையாளருக்கு விளக்கவேண்டியதில்லை. நீலப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரை அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதனை ஒழிக்க 1909 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சல்வீனியா 1939 ஆம் ஆண்டில் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி வாய்க்கால்களையும் வயல்களையும் மூடிற்று. அதனை உண்ணும் ஒருவகைக் கூன்வண்டு 1986 ஆம் ஆண்டில் விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அது அடங்கிற்று. இலங்கையிற் பிறந்த கிறிப்டோகொரைன் பெக்கெற்றியையும் அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து ஆறொன்றிற் பரவித் தொல்லையானது 1990களிற் கண்டறியப்பட்டது. தன்னாட்டில் அரிதான பூண்டே பிறநாட்டிற் களையாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகலின், கழித்த பூண்டையும் கத்தரித்த தண்டையும் வெயிலில் நன்கு உலர்த்திப் பின்னர்க் கூட்டெருவிற் சேர்த்தல் வேண்டும். தொட்டி நீரை வாய்க்காலில் விடாது, மரத்தடியிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஊற்றல் வேண்டும். மீன்கழிவு கலந்த அந்நீர் பயிருக்கு ஊட்டமுமாகும். தண்ணீரில் மிதந்து பெருகும் பூண்டு எதனையும், அது எவ்வளவு அழகாயிருப்பினும், வயலுக்கு அருகே வளர்த்தல் ஆகாது.

கருத்திற் கொள்ளவேண்டியவை

1. முதலில் ஒளியை அளத்தல் வேண்டும். பின்னரே பூண்டை வாங்குதல் வேண்டும்.
2. பூண்டு பிறந்த இடத்தை அறிந்தால் அதற்கு வேண்டிய ஒளி விளங்கும்.
3. தொடக்கத்தில் மென்னொளிப் பூண்டுகளையே வளர்த்தல் நன்று.
4. ஒளியைக் கூட்டினால் ஊட்டத்தையும் ஒத்த அளவிற் கூட்டல் வேண்டும்.
5. புதிய தொட்டியில் இலை கரைந்தால் ஒரு மாதம் பொறுத்தல் வேண்டும்.
6. ஓடையிலிருந்து ஒன்றையும் பிடுங்கலாகாது. ஓடையில் ஒன்றையும் எறியலாகாது.

முதற்போகத்திற் பத்துச் சாடிகளுடன் தொடங்கி, அவை கன்றீன்று பெருகியபின் தொழிலை விரிவாக்குதல் அறிவுடைமையாகும். நிழல் வலை, தொட்டி அமைப்பு, விற்பனை ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்பும் கமக்காரர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.